சூழலுக்கும் ஞாபகம் உண்டு: ஒரு சமன்பாட்டின் வரலாறு

இன்னைக்குப் பேசப்போறது ஞாபகசக்தி பத்தி. மனுஷனோடது இல்ல, ஒரு குவாண்டம் அமைப்பைச் சுத்தி இருக்கிற சூழலோடது.

சூடான காபி டம்ளரை மேஜையில வெச்சா, வெப்பம் காத்துல போயிடும். டம்ளருக்குத் திரும்பி வராது. குவாண்டம் அமைப்பும் அப்படித்தான்னு எடுத்துக்கிட்டா கணக்கு சுலபம். அடுத்து என்ன ஆகும்னு சொல்ல இப்போதைய நிலை மட்டும் போதும். இதுதான் மார்க்கோவ் தோராயம். எங்க பாஷையில, சூழல் ஒரு ஸ்டேட்லெஸ் சர்வர்.

ஆனா 1958-ல் ஜப்பானின் நகாஜிமாவும், 1960-ல் அமெரிக்காவின் ராபர்ட் ஸ்வான்சிக்கும் வேற ஒண்ணைக் காட்டினாங்க. சூழலைச் சமன்பாட்டிலிருந்து நீக்கினாலும் அது சும்மா போறதில்ல. கடந்த காலத்தை எடைபோட்டுக் கூட்டுற ஒரு தொகையீடா உள்ளே வந்து உட்கார்ந்துக்குது. அந்த எடைக்குப் பேர் மெமரி கெர்னல். சமன்பாடு துல்லியம்தான், தீர்க்கிறதுதான் பெரும்பாடு.

1976-ல் காற்று எதிர்ப்பக்கம் அடிச்சது. கோரினி, கொசகோவ்ஸ்கி, சுதர்சன் மூவரும், தனியாக லிண்ட்பிளாடும், ஞாபகமே இல்லாத மாற்றத்துக்கான பொது வடிவத்தைக் கண்டுபிடிச்சாங்க. இந்தச் சுதர்சன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படிச்சவர். அந்த வடிவம் அவ்வளவு கச்சிதம். இன்னைக்கும் பலருக்கு முதல்ல கைக்கு வர்றது அதுதான்.

ஞாபகத்தை விடாமக் கணக்குப் போட 1989-ல் தனிமுராவும் குபோவும் ஒரு வழி சொன்னாங்க. பழைய வரலாற்றைத் தூக்கிச் சுமக்காம, அதைத் துணை அணிகளா அடுக்கி வைக்கிறது. 2009-ல் பிராயர், லைனே, பீலோ ஒரு அளவுகோல் தந்தாங்க: இரண்டு நிலைகளைப் பிரிச்சுச் சொல்றது நேரம் ஆக ஆகக் கஷ்டமாகணும். நடுவுல அது சுலபமானா, போன தகவல் திரும்பி வந்திருக்குன்னு அர்த்தம்.

இதனால நமக்கு என்ன? குவாண்டம் சிப்ல வர்ற இரைச்சல்ல ஒரு பகுதி மெதுவா மாறுவது. இந்த நொடிப் பிழைக்கும் அடுத்த நொடிப் பிழைக்கும் தொடர்பு இருக்கும். தொடர்பே இல்லைன்னு நினைச்சுப் பிழைதிருத்தம் வடிவமைச்சா கணிப்பு தப்பும். இன்னொரு பக்கம், அந்த மெதுவே நமக்கு உதவியும் கூட. 1950-ல் எர்வின் ஹான், மங்கிப்போன சுழற்சி சிக்னலை ஒரு துடிப்பு கொடுத்து எதிரொலியா மீட்டார். சூழல் மறக்கிற வேகத்தைத் தெரிஞ்சுக்கிட்டா, தொலைஞ்சதா நினைச்சதுல கொஞ்சத்தைத் திரும்பக் கேட்டு வாங்கலாம்.