சிப்பியும் வளையல் துண்டும்



கோடை விடுமுறையில் திருச்செந்தூர் கடற்கரைக்குப் போய்ச் சிப்பி பொறுக்காத திருத்தங்கல் பிள்ளைகள் குறைவு. ஊர் திரும்பியதும் அந்தச் சிப்பிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. சிறுவயது நினைவை அப்படித் தொலைக்காத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் பெயர் நேக் சந்த். 1924-இல் பிறந்தார். 1947 பிரிவினையில் அவரது சொந்தக் கிராமம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. பிறகு சண்டிகரில் பொதுப்பணித் துறைச் சாலை ஆய்வாளர் ஆனார். புது நகரத்துக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் குப்பையிலிருந்து உடைந்த வளையல், பீங்கான், ஓடு எல்லாம் பொறுக்கினார். சிமெண்டில் அவற்றைப் பதித்து மனிதர், பறவை, விலங்கு என்று மொசைக் சிலைகள் செய்தார். இழந்த கிராமத்தின் நினைவே அவருக்கு மாதிரி.

வேலை நடந்ததோ கட்டடம் கட்டக்கூடாத அரசு வனநிலத்தில். ஏறக்குறைய 18 ஆண்டு யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது இடித்திருக்கலாம். மக்கள் ஆதரவால் இடிக்கவில்லை. 1976-இல் பாறைத் தோட்டமாகத் திறந்தார்கள். அவருக்குச் சம்பளமும் 50 தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1984-இல் பத்மஸ்ரீ. 2015-இல் மறைந்தார்.

சட்டப்படி அது ஆக்கிரமிப்புதான். ஆனாலும் ஓர் அரசு இடிக்காமல் விட்டதும் வரலாறுதானே!