கையைப் பதிச்சுட்டுக் கப்பல் ஏறு

சிட்னியிலேர்ந்து கப்பல்ல நியூசிலாந்து போய்வரலாம்னு நண்பர்கள் கூப்பிட்டாங்க. பாஸ்போர்ட், திரும்பி வர விசா, ஜெராக்ஸ்னு அடுக்கும்போது அந்தக்காலப் பேப்பர் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

1901 குடியேற்றத் தடைச் சட்டப்படி, அதிகாரி ஏதோவொரு ஐரோப்பிய மொழியில 50 வார்த்தை சொல்வார், கேட்டு எழுதணும். எந்த மொழிங்கறது அவர் இஷ்டம். 1934-ல பல மொழி தெரிஞ்ச எழுத்தாளர் எகான் கிஷ்ஷுக்கு சிட்னியில ஸ்காட்லாந்து கேலிக்ல வச்சாங்கன்னா பாருங்களேன்!

சரி, ஏற்கெனவே இங்கயே பொழைச்ச இந்தியரும் சீனரும் ஊருக்குப் போய்த் திரும்பறது எப்படி? கிளம்பறதுக்கு முன்னாடியே சுங்க அலுவலகத்துல விலக்குச் சான்றிதழ் வாங்கிடணும். நேராப் பாத்து ஒரு போட்டோ, பக்கவாட்டுல ஒண்ணு. பின்பக்கம் கைரேகை. ஆரம்பத்துல கட்டைவிரல் மட்டுமில்லீங்க, முழுக்கையையும் மையில பதிச்சாங்க, கைதிக்கு எடுக்கற மாதிரி. தெருத்தெருவா துணி வித்தவர், கடை வச்சிருந்தவர், எல்லாருக்கும் இதான். சொன்ன கெடுவுக்குள்ள (பொதுவா மூணு வருஷம்) திரும்பலைன்னா மறுபடி அந்தப் பரீட்சைதான்.

என்னை மாதிரி மாணவன்னா தப்பிச்சிருக்கலாம். 1904-லேர்ந்து இந்திய மாணவர், வணிகர், பயணிகள் பாஸ்போர்ட்டோட வந்தா ஒரு வருஷத்துக்குப் பரீட்சை கிடையாது. குடியிருந்தவனுக்குத்தான் கைரேகை!

1958-ல பரீட்சையை எடுத்துட்டாங்க. அந்தச் சான்றிதழ்கள் தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு, பலதை நெட்லயே பாக்கலாம். ஒரு கைரேகையைத் திரையில பெருசு பண்ணி, என் கையைப் பக்கத்துல வச்சுப் பாத்தேன்.