ஊவாத் தோட்டப்புற மாணவரும் எழுத்துவழி உரையாடலும்: ஒரு வரலாற்று நோக்கு

பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய ஊவாப் பகுதிகளின் பெருந்தோட்டத் தமிழரிடையே எழுத்து நெடுங்காலம் பிறர் கைப்பொருளாகவே இருந்தது. தொழிலாளி எழுத்தை எதிர்கொண்டது பெரும்பாலும் 'செக்ரோல்' என்னும் பெயர்ப்பதிவேட்டிலும் 'துண்டு' எனப்பட்ட சீட்டிலுமேயாம். கங்காணியின் கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த அத்துண்டு 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தம்மைப்பற்றி எழுதப்பட்டதைத் தாமே வாசிக்க இயலாத நிலை அதனோடு ஒழியவில்லை.

1907ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார்மீது சுமத்தியது. எனினும், உழைப்பால் பயன்பெற்றவர்களே பள்ளிக்கும் பொறுப்பாயிருந்தமையின், தோட்டப் பள்ளிகள் பல ஓராசிரியர் பள்ளிகளாகவே தேங்கின. 1977 முதலே அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் வளர்த்த சமூகத்தின் பிள்ளைகள், பாடநூல் தமிழின்முன் வாயடைத்து நின்றனர்.

இம்மௌனத்தைக் கலைக்கும் கருவியாக எழுத்துவழி உரையாடலை நோக்கலாம். வாஷிங்டனில் செவிப்புலனற்றோருக்கான கல்லோடெட் பல்கலைக்கழகத்தில், இணைக்கப்பட்ட கணினிகளில் தட்டச்சு செய்து உரையாடி எழுத்துப் பயிலும் முறை 1985இல் தொடங்கப்பட்டது. பிரெஞ்சு பயின்ற அமெரிக்க மாணவரை ஆராய்ந்த றிச்சட் கேர்ண், வாய்மொழி வகுப்பைவிட இம்முறையில் அவர்கள் மிகுதியாகப் பங்குகொண்டதையும், இலக்கணத் திருத்தம் தளர்ந்ததையும் 1995இல் எடுத்துக்காட்டினார். சிந்திக்க அவகாசமுண்டு, எழுதியது அழியாது நிற்கும். ஆயினும், திருத்துவோரின்றேல் பிழையும் நிற்கும்.

2020இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வாட்ஸ்அப் வழியே பாடங்கள் அனுப்பப்பட்டன. ஆனால், 2021இல் லுணுகலைக்கு அப்பாலுள்ள போகிட்டியாவக் கிராமத்து மாணவரும் ஆசிரியரும் அலைவரிசை தேடி மலைமீதும் மரங்களிலும் ஏறிய செய்தி உலகெங்கும் வெளியாயிற்று. ஒரே கைத்தொலைபேசியை உடன்பிறந்தோர் பலர் பகிரும் லயத்துவீட்டில் இடர்ப்பாடு இன்னும் பெரிது.

ஆகவே, கருவி மட்டும் கல்வியாகாது. மாணவர் ஆங்கில எழுத்துக்களில் தட்டும் பேச்சுத்தமிழை ஆசிரியர் இகழ்ந்து ஒதுக்காது, அவ்வரிகளையே தமிழெழுத்தில் எழுதச்செய்து, பின்னர் கட்டுரை வாக்கியமாக்கப் பயிற்றுதல் வேண்டும். அவ்வழி மலையகப் பேச்சுமொழியும் மதிப்புறும், எழுத்துமொழியும் வசமாகும். பிறர் எழுதிய துண்டினால் கட்டுண்ட ஒரு மக்களின் வழித்தோன்றல்கள், தம் மனுவையும் தம் வரலாற்றையும் தாமே எழுதுவதற்கு அதுவே வழியாகும்.