சிறைவாசிகள் மறுவாழ்வு (விழுப்புரம்–திண்டிவனம்)

சிறையிலிருந்து வெளிவருவோர் குடும்பம், தொழில், ஊர் ஆகியவற்றோடு மீண்டும் இணைவதற்கான சட்ட, சமூக ஏற்பாடுகள் சிறைவாசிகள் மறுவாழ்வு எனப்படும். பாதிக்கப்பட்டவருக்கு ஈடுசெய்வதை முதன்மையாகக் கொள்ளும் சீரமைப்பு நீதி இதனோடு நெருங்கியது. இந்தியச் சட்டத்தில் சீரமைப்பு நீதிக்கு இழப்பீட்டுத் திட்டங்கள் வழியாகவே பெரிதும் இடமுண்டு.

விழுப்புரம் வட்டாரத்தின் விசாரணைக் கைதிகள் வேடம்பட்டுச் சிறையிலும், நீண்டகாலத் தண்டனை பெற்ற ஆண்கள் கடலூர் மத்திய சிறையிலும் வைக்கப்படுவது வழக்கம். வெளியூர்ச் சிறைக்குச் சென்று பார்ப்பதற்கான பயணச் செலவும் கூலி இழப்பும் ஏழைக் குடும்பங்களின் உறவைத் தளர்த்துகின்றன. இப்பகுதிச் சிக்கலின் மையம் இருளர் பழங்குடியினரே: செங்கல் சூளை, அரிசி ஆலை வேலைகளுக்கு இடம்பெயரும் இவர்கள் மீது திருட்டு வழக்குகள் புனையப்படுவதாகத் தொடர்ந்து புகார்கள் எழுந்துள்ளன. திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி வழிநடத்தும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இவர்களுக்குச் சட்ட உதவி அளித்துவருகிறது.

குற்றவாளிகளை நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவிக்க மத்தியச் சட்டம் 1958இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு தண்டனை நிறுத்த விதிகள் அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என இருவகை விடுப்புக்கு வழிசெய்கின்றன. விடுதலையானோர் சுயதொழில் தொடங்க, விடுதலை பெற்ற கைதிகள் உதவிச் சங்கம் நிதியுதவி அளிக்கிறது. சிறைவாசிகள் பணிபுரியும் பெட்ரோல் நிலையங்களையும் சிறைத்துறை நடத்துகிறது. முழுக்கப் பெண் சிறைவாசிகள் பணிபுரியும் நிலையம் 2023இல் சென்னைப் புழலில் திறக்கப்பட்டது.

1.7.2024 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சிறு குற்றங்கள் சிலவற்றுக்குச் சமூக சேவையைத் தண்டனையாக்கியது. சாதி அடிப்படையில் சிறைப்பணி பிரிப்பதை உச்ச நீதிமன்றம் 3.10.2024 அன்று செல்லாததாக்கியதுடன், சீர்மரபினரை (முன்பு குற்றப் பரம்பரையினர் என முத்திரை குத்தப்பட்ட சமூகத்தினரை) பழக்கக் குற்றவாளிகளாகக் கருதும் சிறைவிதிகளையும் நீக்கியது.