கற்பிட்டியில் ஒரு வாசகர் இருந்தார்

"படம் எப்பிடி?"

"பரவாயில்ல."

எங்கட வீடுகளில முக்கால்வாசி சினிமா விமர்சனம் இந்த இரண்டு வரியோட முடிஞ்சிடும். புத்தகத்துக்கு அதுகூட இல்ல. வாசிச்சவர் மூடி வைப்பார், அடுத்தவர் எடுத்தால் எடுப்பார். ஆனால் அதே வீட்டில, மீன் வலையில சிக்கினதைப் பற்றியோ பக்கத்து வீட்டுக் கலியாணத்தைப் பற்றியோ கேளுங்க, அரை மணித்தியாலத்துக்குக் கருத்து வரும். கருத்துச் சொல்லத் தெரியாத ஆக்கள் இல்ல நாங்க. புத்தகத்தையும் படத்தையும் பற்றிய எங்கட கருத்து எழுதி வைக்கிற அளவுக்குப் பெறுமதியானது எண்டு நம்பாத ஆக்கள். அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கையின்மைக்கு எதிராக ஒரு சாட்சி எங்கட கரையிலேயே இருக்கிறார். உச்சமுனையிலிருந்து படகு ஏறினால் போய் இறங்குற ஊர் கற்பிட்டி. வெளியாட்களுக்குக் கற்பிட்டி எண்டால் ஒல்லாந்தர் கோட்டை, டொல்பின், இப்ப கொஞ்சக் காலமாகக் காற்றாடிச் சறுக்கு. 1807ஆம் ஆண்டு அங்கே பிறந்த சைமன் காசிச்செட்டியின் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் வரும்?

மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கியவர்

காசிச்செட்டி பதினேழு வயதளவிலேயே கற்பிட்டி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆனவர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மட்டுமல்ல, போர்த்துக்கீசம், ஒல்லாந்து மொழி என்று பலதும் தெரிந்தவர். பிறகு புத்தளத்தில் மணியகாரர், முதலியார் எனப் பதவிகள். 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி. கடைசியில் சிலாபத்தில் நீதிபதி. 1860இல் இறந்தார்.

இந்தப் பதவிப் பட்டியலை ஒரு பக்கம் வைப்போம். எனக்கு முக்கியமாகப் படுவது, நாள் முழுக்க மற்றவர்கள் சொன்னதை மொழிபெயர்க்கிற ஒருவர் தன் சொந்தப் பேச்சைப் பேசத் தொடங்கிய விதம். 1834இல் அவர் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையில் விவரிக்கிற ஒரு நூலை, 'சிலோன் கசற்றியர்', ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதுவரை இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கியவர்கள். இவரோ இந்த மண்ணில் பிறந்து, இந்தக் களப்பின் உப்புக்காற்றில் வளர்ந்தவர். அவருக்கு வயது அப்போது 27. பல்கலைக்கழகம் முடிச்சு வேலை தேடுற எங்கட அண்ணாமார், அக்காமாரின் வயது.

ஒரு கருத்துக்கு வந்த பதில்கள்

1859இல் யாழ்ப்பாணத்தில் ரிப்ளி அன்ட் ஸ்ட்ரோங் அச்சகத்தில் அவருடைய 'தமிழ் புளூட்டார்க்' அச்சானது. புளூட்டார்க் என்பவர் பெரிய மனிதர்களின் வாழ்க்கைகளை எழுதிய பழைய கிரேக்க எழுத்தாளர். அந்த மாதிரியில் தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையை எழுதினார் காசிச்செட்டி. ஏறக்குறைய 200 புலவர்கள். யார், எந்த ஊர், என்ன எழுதினார், அந்த எழுத்து எப்படி. ஆங்கிலத்தில் எழுதியதற்குக் காரணம் ஊகிக்கக் கூடியதுதான். அன்று அரசாங்கமும் அறிஞர் சபைகளும் ஆங்கிலத்தில்தான் பேசின. தமிழில் ஒரு நீண்ட இலக்கியம் இருக்கு எண்டு அவர்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்க. இன்று நாங்கள் பாடசாலையில் படிக்கிற பலதும் அப்போது அச்சிலேயே இல்லை. சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தது 1887இல். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைக் கொண்டுவந்ததும் அதே 1887இல்தான். சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. காசிச்செட்டிக்கோ கொஞ்சம் அச்சு நூல், கொஞ்சம் ஏடு, மிச்சம் ஆட்கள் வாய்வழியாகச் சொன்ன கதை. சங்கப் பாடல்களைப் பற்றி இன்று ஒரு உயர்தர மாணவி எழுதக்கூடியதை அவரால் எழுத முடியாது. திருவள்ளுவரும் ஔவையாரும் உடன்பிறப்புகள் என்கிற மாதிரியான, அன்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த கதைகளையும் அவர் சேர்த்துக்கொண்டார்.

அதனால் அந்த நூல் வீணா? அதற்குப் பிறகு நடந்ததைப் பார்ப்போம்.

1886இல் யாழ்ப்பாணத்தில் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 'பாவலர் சரித்திர தீபகம்' என்ற நூலை வெளியிட்டார். காசிச்செட்டியின் நூலை அடிப்படையாக வைத்து, ஆனால் இந்த முறை தமிழில், இரண்டு மடங்கு புலவர்களோடு. பிறகு 1946இல் 'தமிழ் புளூட்டார்க்' கொழும்பில் மறுபதிப்பானபோது, தமிழகத்து அறிஞர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அதற்குக் குறிப்புகள் எழுதினார். எங்கே தகவல் மாறியிருக்கு, புதிதாக என்ன தெரிய வந்திருக்கு என்று.

1859இல் கற்பிட்டிக்காரர் ஒருவர் சொன்ன கருத்துக்கு 1886இல் ஒரு பதில், 1946இல் இன்னொரு பதில். 87 வருஷம் நீண்ட உரையாடல் அது. அவருடைய பிழைகளை மற்றவர்கள் திருத்த முடிந்ததற்குக் காரணமே அவர் எழுதி வைத்ததுதான். "எனக்கு எல்லாம் தெரிஞ்ச பிறகு எழுதுவம்" எண்டு அவர் காத்திருந்திருந்தால் திருத்துவதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

எழுதாமல் போன கருத்துகள்

காசிச்செட்டி படித்தவர், பதவியில் இருந்தவர். அவருக்கு அச்சகம் கிடைத்தது. கரையோரச் சனத்தின் கருத்து அப்படிப் பதிவாகவில்லை. ஆனால் கருத்து இருந்தது என்பதற்குத் தடயங்கள் இருக்கு.

'ஞானசௌந்தரி' கதையை எடுத்துக்கொள்வோம். மாற்றாந்தாயின் கொடுமையில் கைகளை இழந்து, மாதாவின் அருளால் திரும்பப் பெறுகிற பெண்ணின் கதை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்கக் கிராமங்களில் இது கூத்தாக ஆடப்பட்டது. 1948இல் தமிழ்நாட்டில் இதே கதை இரண்டு படமாக வந்தது. ஒன்று சிட்டாடல் நிறுவனம் எடுத்தது, மற்றது எஸ். எஸ். வாசனின் ஜெமினி எடுத்தது. பெரிய நிறுவனம் ஜெமினிதான். ஆனால் சனம் சிட்டாடல் படத்தைத்தான் விரும்பியது. ஜெமினியின் படம் ஓடவில்லை.

ஏன்? இந்தக் கதையைக் கூத்தில் பார்த்து, பாட்டாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்த ஒரு பெண், இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு என்ன சொல்லியிருப்பா? எந்தக் காட்சியில் "கூத்தில இப்பிடி இல்லையே" எண்டு முணுமுணுத்திருப்பா? அந்தத் தீர்ப்பு ஒரு படத்தை ஓட வைத்தது, மற்றதைக் கவிழ்த்தது. தீர்ப்பின் காரணத்தை மட்டும் சொன்னவர்கள் தங்களோடேயே கொண்டு போய்விட்டார்கள்.

வானொலி வந்த பிறகு படம் வீட்டுக்குள்ளேயே வந்தது, காது வழியாக. 1925இல் கொழும்பில் தொடங்கிய வானொலி, 1949இல் இலங்கை வானொலி என்று ஆகி, அதன் தமிழ் ஒலிபரப்பைப் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் கேட்டார்கள். திரைப்படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கித் தருகிற ஒலிச்சித்திரம் மூலம், கொட்டகையே இல்லாத ஊர்ச்சனம் படம் "கேட்டது". எஸ். ராமதாஸின் நகைச்சுவைத் தொடர் வானொலியில் பிரபலமாகி, 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவே ஆனது. அடுப்படியில் இருந்து சிரித்தவர்களின் விருப்பம்தான் அந்தப் படத்தைத் தயாரிக்கிற துணிச்சலைக் கொடுத்தது. அவர்களும் எழுதவில்லை.

கடல் தெரிந்தவர்கள் பார்த்த கடல்

1970களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வரும் சஞ்சிகைகளுக்கும் மலிவான புத்தகங்களுக்கும் அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வாசகர்களுக்கு அது இழப்புத்தான். ஆனால் அந்த வெற்றிடத்தில் உள்ளூர் எழுத்துக்கு இடம் கிடைத்தது. வீரகேசரி பிரசுரமாக நாவல்கள் வந்தன. அதில் ஒன்று செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', 1973. நெடுந்தீவில், பருவத்தோடு வந்து வாடி போட்டுத் தொழில் செய்கிற மீனவர்களின் கதை. 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் அது படமானது.

உச்சமுனைப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கதை புதிசில்ல. காத்து மாறினால் தொழிலும் இடம் மாறும். வெளியூர்ப் படகுகள் வரும், வாடி எழும்பும், உறவும் சண்டையும் கூடவே வரும். அப்படி ஒரு வாழ்க்கையை வாழ்கிறவர் இந்த நாவலைப் பற்றிச் சொல்லக்கூடியதை, கொழும்பில் இருக்கிற எந்த விமர்சகராலும் சொல்ல முடியாது.

இதற்கு எங்கட வீட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கு. எம்.ஜி.ஆரின் 'படகோட்டி' 1964இல் வந்த படம். தொலைக்காட்சியில் போட்டால் வீட்டில் எல்லாரும் உட்காருவம். எனக்கும் தம்பிக்கும் பாட்டு. அம்மம்மாவுக்கு வேற. இரண்டு மீனவக் கூட்டத்தை மோதவிட்டு நடுவில் ஒருவன் பிழைக்கிற கதை அது. அந்த இடம் வந்தால் அம்மம்மா சம்மாட்டிமாரின் கணக்கைப் பற்றித் தொடங்குவா. முற்பணம் எப்படிக் கொடுப்பாங்க, மீன் விலையை யார் தீர்மானிப்பாங்க, கடன் எப்படி முடியவே முடியாது எண்டு. எம்.ஜி.ஆர் சண்டை போட்டுக் கடைசியில் எல்லாம் சரியாகும்போது சிரிப்பா. "அடிச்சா கடன் தீருமோ?" எண்டு கேட்பா. அந்தப் படத்தைப் பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் அந்தப் படத்தின் பலமும் பலவீனமும் அந்தக் கேள்வியிலேயே இருக்கு. சுரண்டல் யாரால் நடக்குது எண்டு படத்துக்குத் தெரியும். அது எப்படி நடக்குது எண்டு காட்டத்தான் மறந்துபோச்சு.

புத்தகம் போன பிறகு

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். அவர்களில் பெரும் பகுதியினர் வந்து சேர்ந்தது எங்கட புத்தளம் மாவட்டத்துக்கு, கற்பிட்டிப் பக்கத்துக்கும்தான். இரண்டு மணித்தியாலத்தில் யார் புத்தக அலுமாரியைத் தூக்குவார்? அதே வருஷங்களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது சனம்.

புத்தகம் போய்விட்டால் என்ன மிஞ்சும்? அதைப் பற்றி யாரோ எழுதியது மிஞ்சும். மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு புத்தகம் எழுதினார். இன்று இல்லாத நூல்களைப் பற்றிய புத்தகம். அந்த நூல்கள் இருந்தன என்று அவருக்கு எப்படித் தெரியும்? பழைய உரையாசிரியர்கள் தாங்கள் வாசித்ததிலிருந்து ஒரு பெயரையோ ஒரு பாட்டையோ தங்கள் உரையில் எடுத்துக் காட்டியிருந்தார்கள். அவர்கள் வாசகர்கள். வாசித்ததைச் சொன்னவர்கள். முழு நூலும் அழிந்த பிறகு அந்தச் சின்னக் குறிப்புத்தான் மிச்சம்.

எங்கட கரைக்கு இன்னொரு இழப்பும் இருக்கு. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரைக்கும் ஒரு காலத்தில் தமிழ் பேசிய எத்தனையோ மீனவக் குடும்பங்கள், பாடசாலை மொழி மாற மாற, இரண்டு மூன்று தலைமுறையில் சிங்களத்துக்கு மாறிவிட்டன. அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாழ்க்கை அப்படி. ஆனால் ஒரு மொழி வீட்டில் சோறு கேட்கவும் மீன் விலை பேசவும் மட்டும் எண்டு சுருங்கும்போது, அடுத்த தலைமுறை அதை விடுவது சுலபமாகிறது. ஒரு நாவலைப் பற்றிச் சண்டை பிடிக்கவும் ஒரு படத்தின் முடிவை ஏற்க மறுக்கவும் அந்த மொழி தேவைப்பட்டால், விடுவது அவ்வளவு லேசில்ல.

அப்ப என்ன எழுதுறது?

பெரிய விமர்சனக் கோட்பாடு ஒன்றும் வேண்டாம். புத்தகமோ படமோ, பெயரைச் சரியாக எழுதுங்க. எழுதியவர், இயக்கியவர், வந்த வருஷம். எங்கே, எப்படி உங்கட கைக்கு வந்தது எண்டு எழுதுங்க. பாடசாலை நூலகமா, மாமா விட்டுட்டுப் போனதா, போனில் பார்த்ததா எண்டு. காசிச்செட்டி எதை வாசித்தார் என்பதைப் போலவே எதை வாசிக்க வாய்ப்பில்லாமல் இருந்தார் என்பதும் இன்று வரலாறு ஆகியிருக்கு. உங்கட விஷயமும் அப்படித்தான் ஆகும்.

கதையைச் சுருக்கிச் சொல்றதோட நிக்காதீங்க. எந்த இடத்தில் உங்களுக்கு நம்பிக்கை வந்தது, எந்த இடத்தில் போனது எண்டு சொல்லுங்க. கூட இருந்து பார்த்தவர் என்ன சொன்னார் எண்டு கேட்டு எழுதுங்க, முக்கியமாக அம்மா, அம்மம்மா, உம்மா, உம்மும்மா. அவங்கட பேச்சை இலக்கணத் தமிழுக்கு மாத்தாமல் அவங்க சொன்ன மாதிரியே எழுதுங்க. உங்களோட உடன்படாத ஒருவர் அதை வாசிச்சுப் பதில் எழுதட்டும். 87 வருஷம் காத்திருக்கத் தேவையில்ல, இப்ப ஒரு நாளிலேயே பதில் வரும்.

அம்மம்மாவின் அந்தக் கேள்வியை இப்ப நான் எழுதி வச்சிட்டன். 'படகோட்டி' பார்த்த வேற வீடுகளில என்ன பேசினாங்க எண்டு தெரிஞ்சுகொள்ள ஆசையாக இருக்கு. பேசாலையில, உடப்பில, மயிலிட்டியில, இராமேஸ்வரத்தில உங்கட வீட்டு ஆக்கள் அந்தப் படத்தைப் பற்றி என்ன சொன்னாங்க?