வெள்ளையடித்தும் மறையாத ஓவியம்

பொது இடத்துச் சுவர் யாருக்குச் சொந்தம்? குடியேறிகளின் வரலாற்றில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1932ஆம் ஆண்டு நடந்தது அதற்கு நல்ல சான்று.

அந்நகரின் ஒல்வேரா தெரு, மெக்சிகோ நாட்டுச் சந்தைபோல் புதுப்பிக்கப்பட்டுச் சுற்றுப்பயணிகளை ஈர்த்து வந்தது. அங்குள்ள கட்டடம் ஒன்றின் மாடிச் சுவரில் ‘வெப்பமண்டல அமெரிக்கா’ என்ற தலைப்பில் வரைய, மெக்சிகோ ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிக்கைரோஸ் அழைக்கப்பட்டார். பழமரங்களும் பறவைகளும் நிறைந்த காட்சியையே கேட்டவர்கள் எதிர்பார்த்தார்கள்.

அக்டோபர் 9ஆம் தேதி திரை விலகியபோது அனைவரும் திகைத்தனர். சுமார் 80 அடி நீளமும் 18 அடி உயரமும் கொண்ட அந்த ஓவியத்தின் நடுவில், சிலுவையில் அறையப்பட்ட பூர்வகுடி மனிதன். அவனுக்கு மேலே அமெரிக்கக் கழுகு!

காலமும் அப்படிப்பட்டது. பொருளாதார மந்தத்தால் வேலை இல்லை. பழி மெக்சிகோ மக்கள்மீது விழுந்தது. 1931 பிப்ரவரியில், ஒல்வேரா தெருவை ஒட்டிய பொதுச் சதுக்கத்தை அதிகாரிகள் சுற்றி வளைத்து, சுமார் 400 பேரைத் தடுத்து வைத்தனர். அந்தப் பத்தாண்டில் லட்சக்கணக்கானோர் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பலர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்.

தெருவிலிருந்து தெரிந்த பகுதிக்கு விரைவில் வெள்ளையடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஓவியம் முழுவதும் மறைந்தது. சிக்கைரோஸும் விசா நீட்டிக்கப்படாமல் நாட்டைவிட்டு வெளியேறினார்.

ஆனால் சுண்ணாம்பு நிலைக்கவில்லை. 1960களின் இறுதியில் அது உரியத் தொடங்கியது. மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் தங்கள் உரிமைக்காகப் போராடிய நேரம் அது. மறைக்கப்பட்ட ஓவியம் அவர்களுக்கு ஊக்கமளித்தது.

அதே வம்சாவளியைச் சேர்ந்த ஓவியர் ஜூடி பாக்கா, 1976இல் நகரின் வெள்ளக் கால்வாய்ச் சுவரில் பணியைத் தொடங்கினார். 400க்கும் மேற்பட்ட இளையர்கள் அவருடன் கைகோத்தனர். 1983க்குள் சுமார் 840 மீட்டர் நீள ஓவியம் உருவானது. மெக்சிகோ மக்கள் வெளியேற்றப்பட்டதும், போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டதும் அதில் இடம்பெற்றன. பாடநூல்கள் ஒதுக்கியதைப் பிள்ளைகளே வரைந்து கற்றார்கள்.

1930களின் வெளியேற்றத்துக்காகக் கலிஃபோர்னியா மாநிலம் மன்னிப்புக் கோரும் சட்டத்தை 2005இல்தான் நிறைவேற்றியது. சிக்கைரோஸின் ஓவியம், திறக்கப்பட்ட அதே தேதியில், 80 ஆண்டுகள் கழித்து 2012இல் மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது. வல்லுநர்கள் அதற்குப் புதிய வண்ணம் பூசவில்லை. மிஞ்சியதை மட்டுமே காத்தார்கள். மங்கிய அந்தச் சுவரில் ஓவியன் சொன்னதும் தெரிகிறது, அதை மறைக்க முயன்றவர்களின் செயலும் தெரிகிறது.