நகர்மையப் பள்ளிகளும் புதிய ஆசிரியர்களின் தேர்வும்: அமெரிக்காவில் 1952 முதல் 2019 வரை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியரை நியமிப்பது மாநில அரசு அன்று. ‘பள்ளி மாவட்டம்’ எனப்படும் உள்ளூர் அமைப்பே தனக்கு வேண்டிய ஆசிரியர்களைத் தானே தேடித் தேர்ந்து, ஊதியத்தையும் பெரும்பாலும் தானே முடிவு செய்கிறது. இத்தகைய மாவட்டங்கள் ஏறத்தாழ 13,000 இருப்பதால், கல்வியியல் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர் எங்கே பணியாற்றுவது என்பது அரசாணையால் தீர்மானமாவதில்லை. அவரே விண்ணப்பித்து அவரே ஏற்கவேண்டிய தேர்வாக அது அமைந்துவிடுகிறது. பதிவு மூப்புக்கும் பணிமாறுதல் கலந்தாய்வுக்கும் பழகிய தமிழ் வாசகர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான், நகர்மையப் பள்ளிகளுக்கு ஆசிரியர் கிடைக்காமை அங்கே எழுபது ஆண்டுகளாக ஏன் இத்தனை ஆய்வுகளுக்குப் பொருளாயிற்று என்பது விளங்கும்.

நகர்மையம் என்று இங்கே குறிக்கப்படுவது வணிக மாளிகைகள் நிற்கும் நகர நடுவன்று. அதைச் சூழ்ந்துள்ள பழைய குடியிருப்புகளே ஆகும். 1934இல் நிறுவப்பட்ட கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைக் கடன் உத்தரவாதத்திலிருந்து ஒதுக்கியதாலும், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் போடப்பட்ட நெடுஞ்சாலைகள் புறநகர்களை வேலைக்குச் சென்றுவரும் தொலைவுக்குள் கொண்டுவந்ததாலும், வசதியுள்ள வெள்ளையினக் குடும்பங்கள் வெளியேறின. தெற்கிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்களும் போர்ட்டோ ரிக்கோ, மெக்சிகோ வழியினரும் உள்ளே தங்கினர். பள்ளிகளின் வருவாயில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்துவரியாகையால், வீடுகளின் மதிப்பு குறைந்தபோது பள்ளிகளின் கையிருப்பும் குறைந்தது.

இச்சிக்கலை முதலில் கூர்ந்து நோக்கியவர் கல்வித் துறையைச் சேர்ந்தவரல்லர். சமூகவியலாளர் ஹோவர்டு பெக்கர். சிகாகோ ஆசிரியர்கள் அறுபது பேரைப் பேட்டி கண்டு 1952இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஆசிரியரின் பணிவாழ்வு மேல்நோக்கிய ஏற்றமாக இல்லாமல் பக்கவாட்டு நகர்வாக இருப்பதைக் காட்டியது: பதவியும் ஊதியமும் மாறாமலே, ஏழைப் பகுதிப் பள்ளியில் பணியைத் தொடங்கி, மாறுதல் பட்டியலில் பெயர் பதிந்து காத்திருந்து, நடுத்தர வர்க்கப் பகுதிக்குப் போய்ச் சேர்வதே அவர்களிற் பலருக்கு முன்னேற்றமாக இருந்தது. காலியிடங்கள் ஏழைப் பகுதிகளிலேயே மிகுந்திருந்ததால் புதியவர் அங்கேதான் முதலில் அனுப்பப்பட்டார். ஆகவே அன்று அவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது போவதா வேண்டாமா என்பதை அன்று. எவ்வளவு விரைவில் வெளியேறுவது என்பதையே. பின்வந்த திட்டங்கள் பலவும் இந்த இரண்டாவது கேள்வியை மறந்து முதலாவதற்கே விடை தேடின என்பது இவ்வரலாற்றின் பெருங்குறை.

இதே காலத்தில், போக விரும்பியிருக்கக்கூடிய ஒரு பெருந்தொகையினர் தொழிலை விட்டே அகற்றப்பட்டனர். 1954ஆம் ஆண்டு பிரவுன் வழக்குத் தீர்ப்பு இனவாரியாகப் பிரிந்த பள்ளிகளைச் சட்டவிரோதமாக்கியபோது, தெற்கு மாநிலங்களிலும் எல்லை மாநிலங்களிலும் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. அவற்றின் ஆசிரியர்களை ஒன்றிணைந்த பள்ளிகள் ஏற்க மறுத்தன. 1965க்குள் வேலையிழந்தோர் ஏறத்தாழ 38,000 பேர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. வடக்கு நகரங்களிலோ வாயில்காப்பு வேறு வகையில் நடந்தது. 1898இல் அமைக்கப்பட்டு 1990வரை நீடித்த நியூயார்க் தேர்வாளர் வாரியம், வாய்மொழித் தேர்வில் உச்சரிப்புக்கும் மதிப்பெண் வைத்திருந்ததால், தென்னகக் கறுப்பினப் பேச்சும் ஸ்பானியச் சாயலும் உடையவர்கள் வடிகட்டப்பட்டனர்.

1960களில் அணுகுமுறை மாறியது. 1963இல் வாஷிங்டன் நகரின் கார்டோசோ உயர்நிலைப் பள்ளியில், ‘அமைதிப் படை’ எனப்படும் அமெரிக்கத் தன்னார்வச் சேவை அமைப்பின்வழி வெளிநாடுகளில் பணியாற்றித் திரும்பிய இளைஞர்களை, அனுபவமிக்க ஆசிரியர்களின் மேற்பார்வையில் பள்ளியிலேயே கற்பித்துக்கொண்டு பயிற்சி பெறச் செய்யும் முயற்சி தொடங்கிற்று. பின்னாளில் கல்வி வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற லாரி கியூபன் அதில் வரலாறு கற்பித்துப் பிறகு அதை வழிநடத்தினார். இம்மாதிரியை ஒட்டியே, செனட்டர்கள் கேலார்டு நெல்சனும் எட்வர்டு கென்னடியும் முன்னெடுத்த தேசிய ஆசிரியர் படை 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தில் இடம்பெற்று 1981இல் ரீகன் ஆட்சியில் முடிவுக்கு வந்தது. சேவையுணர்வு அக்காலத்தில் உண்மையாகவே இருந்தது; ஆயினும் வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவச் சேவையைத் தள்ளிப்போட ஆசிரியப் பணி வழியாக இருந்ததும் இளைஞர் பலரை நகர்ப்புற வகுப்பறைகளுக்கு அழைத்துவந்தது என்பதை அக்காலத்தைப் போற்றி எழுதுவோர் எளிதில் தவிர்த்துவிடுகின்றனர்.

யார் கற்பிக்க வருகிறார் என்பதில் பெற்றோருக்கும் பங்குண்டா என்ற கேள்வி 1968இல் புரூக்லினில் வெடித்தது. கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோ வழியினரும் பெரும்பான்மையாக வாழ்ந்த ஓஷன் ஹில்–பிரவுன்ஸ்வில் பகுதியின் உள்ளூர் வாரியம் ஆசிரியர்களும் நிர்வாகிகளுமாகப் பத்தொன்பது பேரைத் தன் பள்ளிகளிலிருந்து மாற்ற ஆணையிட்டது. ஆல்பர்ட் ஷாங்கர் தலைமையிலான ஆசிரியர் சங்கம் இதைப் பணிப் பாதுகாப்பின்மீதான தாக்குதலாகக் கண்டு, அந்த இலையுதிர்காலத்தில் நகரெங்கும் வேலைநிறுத்தம் செய்தது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் அதன்பின் நெடுங்காலம் வெள்ளையினப் பட்டதாரிக்கு அப்பகுதிகள் தம்மை வரவேற்காத இடங்களாகவும், அப்பகுதி மக்களுக்கு ஆசிரியர் சங்கம் அயலார் அமைப்பாகவும் தோன்றின.

அதே ஆண்டுகளில் ஓசையின்றி நடந்த ஒன்று அதைவிடக் கவனத்துக்குரியது. ஏழைப் பகுதிகளின் தாய்மார்களை வகுப்பறை உதவியாளர்களாக அமர்த்திய நகரங்கள், அவர்களுள் விரும்பியோரைக் கல்லூரியில் படிக்கவைத்து ஆசிரியராக்கவும் முனைந்தன; 1970களில் கூட்டரசின் தொழில் வாய்ப்புத் திட்டம் இதற்கு நிதியளித்தது. இவர்கள் ‘போவதா’ என்று முடிவெடுக்க வேண்டியவர்களே அல்லர். ஏற்கெனவே அங்கே வாழ்ந்தவர்கள். ஆனால் பிறப்பு விகிதம் சரிந்து ஆசிரியர் மிகுதி ஏற்பட்டதும், 1975இல் நியூயார்க் நிதி நெருக்கடியில் சிக்கிப் பல்லாயிரம் ஆசிரியர்களை நீக்கியதும், கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற மூப்பு விதியும் சேர்ந்து இம்முயற்சியைத் தளரச் செய்தன.

பொதுநினைவில் இன்று மேலோங்கி நிற்பது வேறொரு திட்டம். பிரின்ஸ்டன் மாணவி வெண்டி காப் 1989இல் எழுதிய இளநிலை ஆய்வேட்டிலிருந்து பிறந்த ‘டீச் ஃபார் அமெரிக்கா’, 1990இல் ஏறத்தாழ ஐந்நூறு பட்டதாரிகளைச் சில வாரப் பயிற்சியுடன் இரண்டாண்டுப் பணிக்கு அனுப்பியது. நகர்மையக் கற்பித்தலைத் தகுதிமிக்கோர் போட்டியிடும் கௌரவமாக மாற்றியது அதன் சாதனை. இரண்டாண்டுக்குப் பின் வெளியேறுவதைக் குறையாகக் கருதாமல் திட்டத்தின் இயல்பாக்கியது, பெக்கர் கண்ட சுழற்சியை நிலைநிறுத்தியதற்கு ஒப்பாகும். மில்வாக்கியின் மார்ட்டின் ஹேபர்மன் நேர்மாறான நிலையெடுத்தார்: ஏழைக் குழந்தைகளிடம் வெற்றி காண்போர் பெரும்பாலும் வாழ்க்கை அனுபவம் பெற்ற முதிர்ந்தவர்களே என்று கருதி, கல்லூரி மதிப்பெண்ணை நம்பாமல், விடாமுயற்சியையும் தவற்றை ஏற்கும் இயல்பையும் அறியும் நேர்காணல் முறையை வகுத்தார்.

2000க்குப் பிறகு வந்த அளவுசார் ஆய்வுகள், பட்டதாரியின் தேர்வை எது இயக்குகிறது என்பதை வேறு வெளிச்சத்தில் வைத்தன. நியூயார்க் மாநிலத்தைப் பற்றிய 2005ஆம் ஆண்டு ஆய்வில், புதிய ஆசிரியர்களுள் 61 விழுக்காட்டினர் தாம் வளர்ந்த ஊரிலிருந்து பதினைந்து மைலுக்குள்ளேயே முதல் பணியை ஏற்றது தெரியவந்தது. அதாவது புறநகரில் வளர்ந்தவர் நகர்மையத்தை விரும்பாமல் ஒதுக்குகிறார் என்பதைவிட, தம் வீட்டருகே செல்கிறார் என்பதே பெரும்பாலும் உண்மை. நகரம் போதிய பட்டதாரிகளை உருவாக்காதவரை அதன் பள்ளிகள் வெளியூராரையே நம்பியிருக்க வேண்டும். டெக்சாஸ் தரவுகளை ஆராய்ந்த ஹனுஷெக், கெய்ன், ரிவ்கின் ஆகியோர், பள்ளி மாறிய ஆசிரியர்களின் ஊதிய உயர்வு அற்பமானதென்றும், அவர்கள் மதிப்பெண் உயர்ந்த, ஏழை மாணவர் குறைந்த பள்ளிகளை நோக்கியே நகர்ந்தனர் என்றும் கண்டனர். கறுப்பின ஆசிரியர்களோ கறுப்பின மாணவர் கூடுதலாக உள்ள பள்ளிகளை நோக்கி நகர்ந்தனர்.

பணத்தால் ஈர்க்கும் முயற்சிகள் மிதமான பலனையே தந்தன. பல நகரங்களில் நடந்த ஒரு சோதனையில், திறன் மெய்ப்பிக்கப்பட்ட ஆசிரியர்கள் தேர்ச்சி குறைந்த பள்ளிகளுக்கு மாறினால் இரண்டாண்டில் 20,000 டாலர் தருவதாகக் கூறியும், தகுதி பெற்றோருள் மாறுதலை ஏற்றவர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரே. 2007இல் கூட்டரசு தொடங்கிய ஆசிரியர் கல்வி மானியம் இன்னும் சிக்கலானது: தேவை மிகுந்த பள்ளியில் எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள் பணியாற்றாவிடில் அது வட்டியுடன் திருப்பித் தரவேண்டிய கடனாக மாறும். ஆண்டுதோறும் அனுப்பவேண்டிய சான்றிதழ் தாமதமானதாலேயே, உரிய பள்ளியில் கற்பித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கடனாளிகளாயினர்.

பயிற்சி எங்கே நடக்க வேண்டும் என்பதிலும் எளிய நம்பிக்கை ஒன்று தகர்ந்தது. கடினமான பள்ளியில் பணியாற்றப்போகிறவர் அத்தகைய பள்ளியிலேயே பழக வேண்டும் என்று கருதப்பட்டுவந்தது. ஆனால் நியூயார்க் ஆசிரியர்களை ஆராய்ந்த மேத்யூ ரான்ஃபெல்ட், ஆசிரியர்கள் விலகாமல் நிலைத்திருக்கும் பள்ளிகளில் பயின்றவர்களே பின்னர் கடினமான பள்ளிகளிலும் நீடித்ததை 2012இல் காட்டினார். தேவைப்பட்டது வறுமையோடு அறிமுகமன்று, நன்றாக இயங்கும் பள்ளியோடு அறிமுகம். 2003இல் தொடங்கிய பாஸ்டன் ஆசிரியர் உறைவிடத் திட்டம் இவ்விரு அறிமுகங்களையும் இணைக்க முயன்றது; மருத்துவப் பட்டதாரியின் உறைவிடப் பயிற்சியைப் போல, ஓராண்டு முழுதும் ஒரு மூத்த ஆசிரியரின் வகுப்பிலேயே பயின்று, அதன்பின் மூன்றாண்டுகள் அந்நகரில் பணியாற்ற அது உறுதி கேட்டது. அதில் பயின்றோர் ஐந்தாம் ஆண்டிலும் நீடித்த விகிதம் மற்றவர்களைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது. ஆனால் ஒருவருக்கு ஆகும் செலவு மிகுதியாகையால், பெருநகர் ஒன்றின் முழுத் தேவையை இதனால் நிறைவேற்ற இயலவில்லை.

வகுப்பறை உதவியாளரை ஆசிரியராக்கும் பழைய எண்ணம் சிகாகோவில் மீண்டும் தலைதூக்கியது. லோகன் ஸ்கொயர் பகுதியின் தாய்மார்களுக்காக ஓர் உள்ளூர் அமைப்பு நடத்திய பட்டப்படிப்பு முயற்சியிலிருந்து உருவான ‘நம்மூர் ஆசிரியரை நாமே வளர்ப்போம்’ என்ற கருத்துள்ள சட்டத்தை இல்லினாய் மாநிலம் 2004இல் நிறைவேற்றி, ஆயிரம் ஆசிரியர்களை உருவாக்க இலக்கு வைத்தது. இலக்கை அது நெருங்கவே இல்லை. விண்ணப்பித்தோர் பகலில் வேலைசெய்து இரவில் படித்தவர்கள்; பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. 2010இல் மாநிலம் ஆசிரியராக விரும்புவோருக்கான அடிப்படைத் திறன் தேர்வின் தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்தியபோது, நகர்மையப் பள்ளியில் பணியாற்றத் தயங்கிய இளைஞர்களைவிட, அங்கேதான் கற்பிப்பது என்று என்றோ முடிவெடுத்துவிட்ட இப்பெண்களுக்கே அது பெருந்தடையாயிற்று. அத்தேர்வை இல்லினாய் 2019இல்தான் கைவிட்டது.